வாடகைக் காரும் ஒரு கீறலும்

அயலூரில் வாழும் நம்மவர் இல்லத்திற்கு ஊரிலிருந்து பெரியவர்கள் வந்துவிட்டால், அவர்களை நாலு இடங்களுக்கு அழைத்துச் சென்று காட்ட வேண்டும் என்னும் ஆவல் எழுவது இயல்பே. சொந்தக் கார் இல்லாதவர்க்கு, நாமே ஓட்டிச் செல்லக் கிடைக்கும் வாடகைக் கார் பெரும் வசதியாகும். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்துக்களுடன் ஓடும் அவ்வண்டிகளை அன்பர்கள் கண்டிருப்பீர்கள்.

சென்ற கோடையில் மாமனார், மாமியாருடன் நாகபுரியிலிருந்து சேவாகிராமம் சென்றுவர அத்தகைய கார் ஒன்றை எடுத்தேன். முன்பணம் ரூ.5,000. வண்டியை ஒப்படைத்த மறுநாள், பின்கதவில் கீறல் என்று கூறி ரூ.4,000-ஐப் பிடித்துக்கொண்டார்கள். மகளின் பள்ளிக் கட்டணத்துக்கென வைத்திருந்த பணம் அது. அதனினும் மனத்தை வருத்தியது, செய்யாத குற்றத்தைச் செய்ததாகச் சொன்ன சொல்லே.

ரயில்வேயில் சரக்கை ஏற்கும்போது கட்டு நைந்திருந்தால் அப்போதே எழுத்தில் குறித்துவிடுவோம். குறியாவிடில் பின்னர் சேதத்துக்கு நாம் பதில் சொல்ல நேரும். அந்தப் பழக்கத்தால், காரை எடுக்கும்போதே நாற்புறமும் கைப்பேசியில் படம் எடுத்து அந்நிறுவனத்துக்கு அனுப்பியிருந்தேன். கீறல் அப்படத்திலேயே இருந்தது. நாளும் மணியும் காட்டிக் கடிதம் எழுதினேன். 10 நாளில் பணம் திரும்பி வந்தது.

ஆகவே, கண்ணாடி, சக்கரம், கூரை, எண்ணெய் அளவு, ஓடிய தூரம் அனைத்தையும் எடுக்கும்போதும் விடும்போதும் படம் பிடியுங்கள். ஊழியரின் ஒப்பமின்றிச் சாவியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். 'காப்பீடு உண்டு' என்ற சொல்லோடு நிற்காமல், சேதத்தில் நம் தலையில் விழும் பங்கு எவ்வளவு என்று கேளுங்கள். பணம் பிடித்தால் பழுதுபார்த்த ரசீதைக் கேளுங்கள்.

பிறர் பொருளைத் தன் பொருள்போல் கருத்துடன் காத்தவன், தனி ஒப்பந்தம் இல்லாதவரை, சேதத்துக்குப் பொறுப்பாகான் என்பது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் கூறும் நெறி. அந்தத் தனி ஒப்பந்தம் பெரும்பாலும் நாம் படியாமல் ஒப்பமிடும் தாளிலேயே இருக்கும். அதனைப் படித்தே ஒப்பமிடுக. வழக்கு தீராவிடில் 1915 என்னும் நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் முறையிடவும் இடமுண்டு.

படம் எடுப்பதை அவநம்பிக்கை என்றெண்ணிக் கூச வேண்டா. கொடுப்பவர்க்கும் கொள்பவர்க்கும் அது பொதுச் சாட்சியன்றோ!