ஒரே வளவில் இரண்டு தாய்மார்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கம் எழுவான்கரை, மேற்குப் பக்கம் படுவான்கரை. முன்பெல்லாம் மண்முனையில் பாதையில் ஏறித்தான் வாவியைக் கடக்க வேண்டும். 2014 இல் பாலம் திறக்கப்பட்ட பின் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போவது இலகுவாகிவிட்டது. அப்படி ஒருநாள் நான் போன வீட்டில் எட்டு வயதுச் சிறுமியை அம்மம்மா வளர்த்து வந்தார். தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு போயிருந்தார்.

வளவில் நின்ற தேசிமரத்தின் துளிர்களைப் புழு அரித்திருந்தது. "மருந்தடிக்கப் போறன் புள்ள" என்றார் அம்மம்மா.

"வேணாம் அம்மம்மா, குருவிக்குஞ்சு செத்துப்போகும்" என்று சிறுமி தடுத்தாள். பக்கத்துக் கத்தரிச் செடியில் தையற்காரக் குருவியின் கூடு இருந்தது.

பெண் குருவி இலையின் ஓரத்தில் அலகால் துளையிட்டு, பஞ்சாலும் சிலந்தி நூலாலும் தைத்துப் பை போலாக்கி அதற்குள் கூடு கட்டும். குஞ்சுகளுக்குத் தாயும் தந்தையும் ஏறக்குறைய இரண்டு வாரம் புழு பூச்சி தேடி ஊட்டும்.

தேசிமரத்துப் புழுவோ, கறுப்பும் மஞ்சளும் கலந்த எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை. தாய் முட்டையிட்டதும் பறந்துவிடும். இளம் புழு பறவை எச்சம் போலத் தோன்றித் தப்பும். வளர்ந்ததும் பச்சையாகி இலையோடு இலையாக இருக்கும். தொட்டால் தலைக்குப் பின்னே கவட்டுக் கொம்பை நீட்டி நாற்றம் வீசும்.

"அப்ப அந்த அம்மாவுக்குப் பிள்ளையில பாசமில்லையா மிஸ்?" என்று சிறுமி கேட்டாள்.

அவள் பூச்சியை மட்டும் கேட்கவில்லை என்று விளங்கியது. "அது கால்களால் இலையைத் தொட்டு ருசி பார்க்கும். பிள்ளை தின்னக்கூடிய இலைதான் என்று தெரிந்த பிறகே முட்டையிடும். அதுவும் ஒவ்வொன்றாக" என்றேன்.

"அப்ப, பாத்துத்தான் விட்டுட்டுப் போயிருக்கு" என்றாள். அம்மம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மருந்து அடிக்கவில்லை. ஒரு கிளையைப் புழுக்களுக்கு விட்டு, மற்றதில் கையால் பொறுக்கினோம்.

மகளுக்கு வீடு கொடுத்துக் கூடவே இருந்து பேரப்பிள்ளையைப் பார்ப்பது எங்கள் ஊர் வழக்கம். அந்தத் துணையை நம்பித்தான் பல தாய்மார் கடல் கடக்கிறார்கள். அவர்களை "பிள்ளையை விட்டுட்டுப் போனவள்" என்று பிள்ளைகளின் காதுபடப் பேசுவதை நாம் நிறுத்திக்கொள்வோம், சகோதரிகளே.