குதிரை தின்ற ஒரு ஏக்கர்

உத்திரமேரூர் என்றதும் உங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த குடவோலை ஞாபகத்துக்கு வரும். ஐந்து மார்க் கேள்வி. பரீட்சை முடிந்த மறுநாளே மறந்திருப்பீர்கள். எனக்கு அந்த ஊர் என்றால் கிண்டி ரேஸ் கோர்ஸ்தான் ஞாபகம் வரும். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? சொல்கிறேன்.

சென்னையிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். செங்கல்பட்டைத் தாண்டி உள்ளே திரும்பினால் ஏரி, நெல் வயல், மறுபடி ஏரி. பஸ் ஸ்டாண்டில் இறங்கி 'கல்வெட்டுக் கோயில்' என்றால் சின்னப் பையன்கூட வழி காட்டுவான். வைகுண்டப் பெருமாள் கோயில். 'ஹைய்யோ' என்று வாயைப் பிளக்க வைக்கும் கோபுரமெல்லாம் கிடையாது. அதற்கு சுந்தரவரதப் பெருமாள் கோயிலுக்குப் போங்கள். அங்கே மூன்று அடுக்கில் பெருமாள் நின்று, உட்கார்ந்து, படுத்து சேவை சாதிக்கிறார். ஆனால் இங்கே சுவரே சரித்திரம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய எழுத்துக்கள்.

ஊர் 30 குடும்புகள், அதாவது வார்டுகள். பேரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒன்றும் அறியாத ஒரு பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளித்து வைத்திருக்கிறாரா என்ற சந்தேகம்! ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நம்மாட்களைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று தனித்தனிக் கமிட்டி. நிற்பவருக்குக் கால் வேலி வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் சொந்த வீடு வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். வேதமும் தெரிந்திருக்க வேண்டும். இது பிராமண சபை. ஆகவே நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு டெபாசிட்டே வாங்கமாட்டார்கள். 'ஜனநாயகத்தின் தொட்டில்' என்று மேடையில் முழங்குகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொன்னால் தேவலை. 2020 டிசம்பரில் டெல்லியில் புது நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் மோடியும் இந்த ஊர்ப் பேரைச் சொன்னார்.

அன்று என் நண்பர் இரண்டு நாள் தலைகால் தெரியாமல் திரிந்தார். 'பாத்தியா தம்பி? எங்க ஊரு ஃபேவரிட் ஆயிடுச்சு!' என்று போன்.

அவரை நாங்கள் கூப்பிடுவதே 'உத்திரமேரூரார்' என்றுதான். 2014-ல் கிண்டி காலரியில் பழக்கம். நான் அப்போது பி.காம். முடித்து ஓர் ஆபீசில் வவுச்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். அவர் ஊரில் ஓர் உரக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ரேஸ் நாளில் வெள்ளை வேட்டி, கையில் மஞ்சள் பை. பைக்குள் ரேஸ் புக், எலுமிச்சை சாதம், அட்டை போட்ட நோட்டு ஒன்று. ஒரு ரேஸுக்கு ஐம்பது ரூபாய். அதற்கு மேல் சாமியே வந்து டிப்ஸ் கொடுத்தாலும் கட்டமாட்டார். புக்கி பக்கம் போகவே மாட்டார். எப்போதும் டோட் கவுண்டர்தான். 'ரசீது குடுக்கறான் பாரு' என்பார்.

எங்கள் கோஷ்டியில் ஒருவர் ஒரு தடவை, 'எல்லாம் லக்குதானே அண்ணே' என்று வாயை விட்டுவிட்டார். உத்திரமேரூரார் எழுந்தே நின்றுவிட்டார். 'லக்கு எங்க ஊர்க் குடத்துல இருக்குது! இது திறமை. சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு!' உண்மைதான். 1974-ல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. மெட்ராஸ் ரேஸ் கிளப் கோர்ட்டுக்குப் போனது. வழக்கு இழுத்து இழுத்து, 1996 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு: குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு, சூதாட்டம் அல்ல. அவர் அந்தத் தேதியைத் தன் கல்யாணத் தேதி மாதிரி ஒப்பிப்பார்.

ஹேண்டிகேப் என்றால் என்னவென்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். நன்றாக ஓடுகிற குதிரைக்கு அடுத்த பந்தயத்தில் எடை கூட்டுவார்கள். ஜாக்கியின் எடை போதாவிட்டால் சேணத்தில் ஈயத் தகடு வைப்பார்கள். 'ஓடற குதிரை முதுகுலதான் தம்பி ஈயம் வைப்பான். எங்க வீட்ல அண்ணன் தம்பி நாலு பேரு. ஈயம் பூரா எம் மேலதான்' என்றார். அப்போது அதை ஜோக் என்று நினைத்து எல்லோரும் சிரித்தோம்.

2023 கடைசியில் மாரடைப்பில் போய்விட்டார். வயது 58. அடுத்த செப்டம்பரில் குத்தகை பாக்கி விவகாரத்தில் அரசு கிண்டியின் 160 ஏக்கரையும் பூட்டி சீல் வைத்தது. அதைப் பார்க்காமல் போனதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

2025 தை மாதம் அவர் வீட்டிலிருந்து போன். 'தம்பி, நீங்க கணக்குப் படிச்சவருன்னு அவரு சொல்லுவாரு. ஒருநா வந்துட்டுப் போங்க.' போனேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோ. ஏரிக்கரை ஓரம் ஓட்டு வீடு. காபி கொடுத்துவிட்டு அண்ணி ஐந்து நோட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார்.

'பையனுக்குப் பொண்ணு பாக்கறோம். மூணு எடம் தட்டிப்போச்சு. அப்பன் குதிரைக்கு நெலத்தக் குடுத்தவன், புள்ள எப்படி இருப்பானோன்னு பேசறாங்க.'

எனக்குச் சுருக்கென்றது. அந்தச் சுவரில் இன்னொரு விதியும் இருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பேரைக் குடத்தில் போடக்கூடாது. அவன் பேரை மட்டுமல்ல. அப்பன், பிள்ளை, மருமகன், மாமனார், மைத்துனன் யார் பேரையும் போடக்கூடாது! உத்திரமேரூரார் இதை அடிக்கடி சொல்வார். அதனால்தான் நோட்டு.

2004 முதல் 2023 வரை 19 வருஷம். தேதி, குதிரை, எடை, கட்டியது, வந்தது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் அதற்கு ஒரு தனிக் கட்டம். கொரோனாவில் பந்தயம் நின்ற 2020 மார்ச்சுக்குப் பிறகு பல பக்கங்கள் காலி. ஆனாலும் மாதாமாதம் 'இல்லை' என்று எழுதியிருந்தார். எங்கள் ஆபீஸ் ஆடிட்டர் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

திண்ணையில் உட்கார்ந்து மத்தியானம் முழுக்கக் கூட்டினேன். கட்டியது 1,86,420 ரூபாய். வந்தது 1,45,070. நஷ்டம் 41,350. மாதத்துக்கு ரூபாய் 181 சொச்சம். பக்கத்தில் சின்ன எழுத்தில் இன்னொரு கணக்கு: பஸ் சார்ஜ், டீ, வடை 46,910. ஆக, குதிரை தின்றதைவிட பஸ் தின்றது அதிகம்!

நிலம் விற்றது 2013 மே மாதம். அந்தப் பக்கத்தைத் தேடினேன். அப்போதெல்லாம் கோடையில் குதிரைகள் ஊட்டிக்குப் போய்விடும். அவர் ஊட்டிக்குப் போனதே இல்லை. அந்த மாதம் 'ரேஸ் இல்லை.' கீழே: 'நிலம் ஒரு ஏக்கர் கிரயம். பெரியவர் பேங்க் கடன், சின்னவன் போர் இரண்டும் தண்ணி இல்லை.' அவ்வளவுதான். தொகைகூட இல்லை.

அண்ணியிடம் வாசித்துக் காட்டினேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

'எனக்குத் தெரியும் தம்பி. பத்திரத்துல நானும் கையெழுத்துப் போட்டேனே. அண்ணன் தம்பி பேரு கெட வேணாம், குதிரை பேரையே சொல்லட்டும், அது என்ன கோவிச்சுக்கப் போவுதான்னாரு. அவரு இருந்தவரைக்கும் நானும் வாயத் தொறக்கல. இப்ப புள்ள பொழப்பாச்சே.'

'கொழுந்தனார்கிட்ட சொல்லச் சொல்லலாமே அண்ணி?'

'பெரியவரு பொண்ணு கல்யாணமும் நடக்குது. அதையும் கெடுக்கணுமா? கடன், போருன்னு எழுத வேணாம். குதிரைக்குப் போனது எவ்ளோன்னு மட்டும் எழுதிக் குடுங்க.'

ஒரு முழு வெள்ளைத்தாளில் மூன்று வரியில் எழுதிக் கொடுத்தேன். வரவு, செலவு, நஷ்டம். கையெழுத்துப் போட்டு நீட்டினேன். வாங்கி, தூரமாகப் பிடித்துப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

'பேருக்குக் கீழ பி.காம்.னு பெருசாப் போடுங்க தம்பி. பொண்ணு வீட்டுக்காரங்க படிச்சவங்க.'