கூரத்துச் செப்பேடும் இரண்டு தலைநகரங்களும்

காஞ்சிபுரத்துக்கு வடமேற்கே, அரக்கோணம் போகிற பக்கத்தில், சுமார் பத்துக் கிலோமீட்டரில் இருக்கிறது கூரம். வைணவர்களுக்கு அது கூரத்தாழ்வானின் ஊர். ஆதிகேசவப் பெருமாளைச் சேவிக்க வருகிறவர்கள் அதோடு திரும்பிவிடுவார்கள். அதே ஊரில் பழைய சிவன் கோயில் ஒன்றும் உண்டு. பின்பக்கம் வளைந்த தூங்கானை மாட அமைப்பு. மேலே இருந்த பழைய கட்டுமானம் போய்விட்டது, கீழ்ப்பகுதிக் கல் மட்டும் நிற்கிறது. 7ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், பல்லவ அரசன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தில் எழுந்த கோயில் இது. அன்றைய பெயர் வித்யாவினீத பல்லவ பரமேசுவர கிருகம். கல்லை அடுக்கிக் கட்டிய தமிழ்நாட்டுக் கோயில்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று என்று ஆய்வாளர்கள் இதைச் சொல்கிறார்கள்.

கோயிலின் பெயரைச் சொல்வது இந்த ஊரிலேயே கிடைத்த செப்பேடு. வடமொழியும் தமிழுமாக இருக்கும் அதைக் கல்வெட்டறிஞர் ஹூல்ஷ் 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் பதிப்பித்தார். பரமேசுவரமங்கலம் என்ற ஊரை 25 பங்காக்கி அரசன் கொடுக்கிறான். மூன்று பங்கு கோயிலின் பூசைக்கும் பழுதுபார்ப்புக்கும். ஒரு பங்கு மண்டபத்துக்குத் தண்ணீரும் தீயும் கொண்டுவருகிறவருக்கு. ஒரு பங்கு அதே மண்டபத்தில் பாரதம் வாசிக்கிறவருக்கு. மீதி இருபதும் நான்மறையாளருக்கு. பாலாற்றிலிருந்து வெட்டிய பெரும்பிடுகு என்ற கால்வாயும், அதன் நீர் வந்து சேர்ந்த பரமேசுவர தடாகமும்கூட அதில் வருகின்றன. ஒரு கிராமத்தின் நீர், நெருப்பு, கதை எல்லாவற்றுக்கும் வழிசெய்த இந்தச் சாசனத்தை எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆனால் அந்தச் சாசனத்தின் முன்பகுதியில் ஓடுவது வேறு குரல். அரசனின் பாட்டன் முதலாம் நரசிம்மவர்மன் பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் சாளுக்கிய அரசன் புலிகேசியை முதுகு காட்ட வைத்து, அந்த முதுகிலேயே வெற்றி என்று எழுதினான் என்கிறது. வாதாபி என்ற அசுரனை அகத்தியர் அழித்ததைப்போல சாளுக்கியரின் தலைநகரான வாதாபியை அழித்தான் என்கிறது. பரமேசுவரவர்மன் பங்குக்கு, லட்சக்கணக்கான படையோடு வந்த சாளுக்கியன் முதலாம் விக்கிரமாதித்தன் ஒரு கந்தல் துணியைச் சுற்றிக்கொண்டு ஓடினானாம். அந்தப் போரில் அரசன் ஏறிய யானை அரிவாரணம், குதிரை அதிசயம் என்று பெயர்களும் வருகின்றன.

எதிர்த்தரப்பின் ஏட்டைப் பிரித்தால் காட்சி தலைகீழாகிறது. 634இல் ஐஹொளேயில் ரவிகீர்த்தி எழுதிய கல்வெட்டில், இரண்டாம் புலிகேசியின் படை கிளப்பிய தூசியில் பல்லவ அரசன் காஞ்சியின் மதிலுக்குள் ஒளிந்துகொள்கிறான். பல்லவரின் காசக்குடிச் செப்பேட்டிலோ முதலாம் மகேந்திரவர்மன் புள்ளலூரில் பகைவரை வெல்கிறான். மறுபடி சாளுக்கியர் பக்கம், 674இல் முதலாம் விக்கிரமாதித்தன் வெளியிட்ட கத்வால் செப்பேட்டில், காஞ்சியைப் பிடித்துவிட்டு அவன் காவிரித் தென்கரையில் உறையூரில் பாசறை இறங்கியிருக்கிறான். புள்ளலூர் காஞ்சிப் பகுதிதான். 1780இல் ஹைதர் அலியின் படை ஆங்கிலேயத் தளபதி பெய்லியை முறியடித்த களமும் அதுவே என்பதால், ஆயிரத்து நூறு ஆண்டு இடைவெளியில் மறுபடியும் ரத்தம் பார்த்த மண்.

தமிழ் வாசகர்களில் பலருக்கு வாதாபி என்றதும் நினைவுக்கு வருவது கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’. பெரியபுராணம் படித்தவர்களுக்குப் பரஞ்சோதியாராக இருந்து வாதாபியை வென்ற சிறுத்தொண்டர். கர்நாடக இசை கேட்கிறவர்களுக்கு முத்துசுவாமி தீட்சிதரின் அம்சத்வனிக் கீர்த்தனை. மூன்று வழியாகவும் வாதாபி நம்மிடம் வந்து சேர்வது தோற்ற ஊராகத்தான். அந்த ஊர் இன்றும் இருக்கிறது, அதன் பெயர் பாதாமி, கர்நாடகத்தின் பாகல்கோட்டை மாவட்டத்தில் காஞ்சியிலிருந்து அறுநூறு கிலோமீட்டருக்கும் மேல் போனால் பார்க்கலாம் என்று சொன்னால் பலர் வியக்கிறார்கள். காஞ்சியையும் பாதாமியையும் ஒரே பயணத்தில் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ஒன்றைப் பார்க்காமல் மற்றொன்று முழுதாக விளங்குவதில்லை.

இரண்டு அரசுகளையும் அடுத்தடுத்துக் கண்ட பழைய வழிப்போக்கர் ஒருவர் உண்டு. சீனத் துறவி யுவான் சுவாங் 640ஐ ஒட்டிக் காஞ்சிக்கு வந்தார். நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த விகாரங்கள், பதினாயிரம் துறவிகள், கல்வியை மதிக்கிற, வாக்குத் தவறாத மக்கள் என்று எழுதிவைத்தார். நாலந்தாவின் தர்மபாலர் பிறந்த ஊர் இது என்றும் குறித்தார். பிறகு வடமேற்கே போய்ப் புலிகேசியின் நாட்டைக் கண்டார். உதவி கேட்டவனுக்காகத் தன்னையே மறக்கிறவர்கள், அவமதித்தவனை முன்கூட்டி எச்சரித்துவிட்டே தாக்குகிறவர்கள் என்று அந்த மக்களைச் சொல்கிறார். தோற்றுத் திரும்பும் தளபதிக்குத் தண்டனை இல்லையாம், பெண்ணுடை கொடுத்துவிடுவார்களாம். யாரையும் பகைக்கத் தேவையில்லாத ஒருவரின் கண்ணில் இரண்டு ஊராருமே மதிப்புக்குரியவர்களாகத் தெரிந்திருக்கிறார்கள். அவர் போன சில காலத்தில், 642 வாக்கில், வாதாபி விழுந்தது.

பாதாமியில் முதலில் மனத்தைக் கவ்வுவது பாறை. செக்கச்செவேல் என்ற மணற்கல் குன்றுகள் இரண்டு, நடுவில் அகத்திய தீர்த்தம் என்ற ஏரி, அதன் கிழக்குக் கரையில் பூதநாதர் கோயில். வடக்குக் குன்றில் முதலாம் புலிகேசியின் கல்வெட்டு. 543இல் இந்த மலையை யாரும் நெருங்க முடியாத கோட்டையாக்கினேன் என்கிறான். தெற்குக் குன்றில் நான்கு குடைவரைகள். முதல் குடைவரையின் வெளியே பதினெட்டுக் கைகளோடு சிவன் ஆடுகிறார். மூன்றாவது திருமாலுக்கு உரியது, நான்கிலும் பெரியது. அதில் 578ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. அதாவது, செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இல்லாமல் கோயில் செய்தேன் என்று மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் எழுதிவைப்பதற்குச் சில பத்தாண்டுகள் முன்பே இங்கே உளி பாறைக்குள் போய்விட்டது. தமிழ்க் கோயிற்கலையை விரும்புகிறவர் இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது.

காஞ்சியில் பாறை கிடையாது. சமவெளி, ஏரிகள், பாலாறு, வேகவதி. அரசன் மலையைத் தேடி வந்து உட்கார்ந்த ஊர் அல்ல. நெல்லும் நீரும் கல்வியும் சேர்ந்த இடத்தில் அரசு வந்து அமர்ந்திருக்கிறது. கோட்டையைத் தந்தது வாதாபியின் பாறை; காஞ்சியைத் தாங்கியது கூரத்துச் செப்பேடு சொல்லும் கால்வாய் போன்றவை. இதன் விளைவு பின்னாளில் தெரிந்தது. 8ஆம் நூற்றாண்டின் நடுவில் இராட்டிரகூடர் எழுந்ததும் வாதாபி தலைநகரம் என்ற நிலையை இழந்தது. அதனாலேயே அங்கே சாளுக்கியர் விட்டுப்போனது அதிகம் கலையாமல் இருக்கிறது. காஞ்சியோ பல்லவருக்குப் பிறகும் சோழர், விஜயநகரத்தார் என்று யார் வந்தாலும் கட்டிக்கொண்டே இருந்தது. ஏகாம்பரநாதர் கோயிலின் பெரிய கோபுரம் கிருஷ்ணதேவராயர் கட்டியது. பல்லவக் காஞ்சியை இந்த அடுக்குகளுக்கு நடுவே தேடித்தான் காண வேண்டும். 7ஆம் நூற்றாண்டைக் கண்ணால் பார்க்க எங்கே போகலாம் என்று கேட்டால், காஞ்சிக்காரர்கள் கோபித்தாலும் சரி, நான் பாதாமியைத்தான் சொல்வேன்.

வாதாபி அழிந்தது என்கிறோம். ரோமானியர் கி.மு. 146இல் கார்த்தேஜை அழித்தபோது அந்த அரசே முடிந்துபோனது. ஊர் மறுபடி எழுந்தது ரோமானிய நகரமாக. இங்கே நடந்தது அதுவல்ல. 655ஐ ஒட்டி முதலாம் விக்கிரமாதித்தன் அரசை மீட்டுவிட்டான். குடைவரைச் சிற்பங்கள் இன்றும் நிற்கின்றன. நரசிம்மவர்மன் அங்கே விட்டுவந்த சான்று ஒரு பாறையில் வெட்டிய கல்வெட்டு. மகாமல்லன் என்ற பெயரும் 13ஆம் ஆட்சியாண்டும் தெரிகிற, மிகவும் தேய்ந்துபோன கல்வெட்டு. பாதாமிக்குப் போகிற தமிழர்கள் குடைவரைகளோடு நின்றுவிடாமல் அந்தப் பாறையையும் தேடிப் பார்க்க வேண்டும்.

அதற்கு இணையானது காஞ்சியில் இருக்கிறது. கைலாசநாதர் கோயில் இராசசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. அங்கே ஒரு தூணில் கன்னடக் கல்வெட்டு. வெட்டியவன் சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன். அவன் காஞ்சியைப் பிடித்தான், உள்ளே வந்தான், இந்தக் கோயிலின் செல்வத்தைப் பார்த்தான், கோயிலுக்கே விட்டுவிட்டான். அவன் மகன் கீர்த்திவர்மன் 757இல் வெளியிட்ட வக்கலேரிச் செப்பேடும் காஞ்சியை அழிக்காமல் உள்ளே நுழைந்தான் என்றும், பொற்குவியலை இராசசிம்மேசுவரம் என்ற இந்தக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான் என்றும் சொல்கிறது. தன் முன்னோரின் நகரை எரித்தவனுடைய வழிவந்தவர்களின் ஊர் கையில் கிடைத்திருக்கிறது. பழிதீர்க்க எல்லாக் காரணமும் இருந்தது. இரண்டு வம்சத்தாரின் செயல்களிலும் இதை விடப் பெரியது வேறில்லை என்றே நினைக்கிறேன். இதைப் பற்றி ஒரு தமிழ் நாவல் இன்னும் என் கண்ணில் படவில்லையே என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

அந்தக் காஞ்சி வெற்றியின் தொடர்ச்சி பாதாமியிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சத்தில், மலப்பிரபை ஆற்றங்கரையில், பட்டதக்கல்லில் நிற்கிறது. விக்கிரமாதித்தனின் அரசி லோகமகாதேவி கட்டியது விருபாட்சர் கோயில். கணவன் காஞ்சியை மும்முறை வென்றதன் நினைவாக என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. வெற்றிச் சின்னம்தான், ஆனால் கைலாசநாதரைப் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு அடியெடுத்து வைத்ததும் தெரிந்துவிடும். சதுரமாக அடுக்கடுக்காய் உயரும் விமானம், சுற்றுமதிலை ஒட்டிய சிறு சன்னிதிகள், எதிரே தனியே நந்தி. வென்றவர்கள் தோற்றவர்களின் கோயிலைத் தங்கள் மண்ணில் தங்கள் கல்லில் மறுபடி செய்திருக்கிறார்கள். வெறும் நகல் என்று சொல்லவும் முடியாது. பட்டதக்கல்லின் தூண்களில் கதைச் சிற்பங்கள் ஓடுகிற நெருக்கம் காஞ்சியில் இல்லை. அதோடு, கைலாசநாதர் கோயில் சுவர்களில் இராசசிம்மனின் விருதுப்பெயர்கள் இருநூறுக்கும் மேல் வருகின்றன. விருபாட்சர் கோயிலிலோ கட்டிய தலைமைச் சிற்பி குண்டனின் பெயரையும் அவனுக்குக் கிடைத்த பட்டத்தையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். இந்தக் கோயிலின் சாயல் பிறகு எல்லோராவின் கைலாசத்திலும் போய்ச் சேர்ந்தது.

துணி வாங்குகிறவர்களுக்கு இந்தப் பயணத்தில் இன்னொன்றும் இருக்கிறது. பாதாமி இருக்கிற அதே மாவட்டத்தில்தான் இல்கல். காஞ்சித் தறியில் உடலையும் கரையையும் கோர்வை போட்டுப் பிணைக்கிறார்கள். இல்கல் தறியில் உடலின் பாவையும் முந்தானையின் பாவையும் கொக்கி கொக்கியாக மாட்டி இணைக்கிறார்கள். தோப்பு தேனி என்று அங்கே சொல்வார்கள். இரண்டு புடவையையும் பக்கத்தில் விரித்து இணைப்பைத் தடவிப் பாருங்கள்.

கூரத்தையும் கன்னட நாட்டையும் பிணைக்கிற பிற்காலக் கதை ஒன்றையும் வைணவர்கள் சொல்வார்கள். சோழன் அவைக்கு இராமானுசரின் இடத்தில் கூரத்தாழ்வான் போனார், கண்களை இழந்தார். இராமானுசர் மேற்கே போய் மேல்கோட்டையில் தங்கினார். கந்தல் உடுத்தி ஓடியதாகச் செப்பேடு எள்ளிய அரசனின் மொழி பேசும் நாடுதான் அவருக்குப் புகலிடம் தந்தது.

பயணத்தைக் கூரத்தில் தொடங்கலாம். அடுத்து கைலாசநாதர் கோயிலின் கன்னடத் தூண், பிறகு பாதாமியின் பல்லவப் பாறை, கடைசியாகப் பட்டதக்கல். தூணருகிலும் பாறையருகிலும் அந்தக் கல்வெட்டின் முழு வாசகத்தைத் தமிழிலும் கன்னடத்திலும் சேர்த்து எழுதிய பலகை இருக்க வேண்டும். இரண்டு மாநிலத்துப் பள்ளிப் பிள்ளைகளும் சுற்றுலா வருகிற இடங்கள் இவை.