வீடு பார்க்கும்போது உம்மாவையும் கேளுங்கள்



பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்க விரும்பும் குடும்பம் எங்கே குடியிருக்க வேண்டும்? 2017இல் இந்தக் கேள்வி என்னிடம் வந்தது.

ஜேர்மனியில் வாழ்ந்த என் தங்கையின் மூத்த மகனுக்குத் திக்குவாய். வகுப்பில் வாய் திறக்கவே அஞ்சினான். "நானே படிப்பிக்கிறேன்" என்றாள் தங்கை. ஆனால், அந்நாட்டில் பிள்ளை பாடசாலைக்குப் போயே ஆக வேண்டும். இதை எதிர்த்து ஒரு குடும்பம் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை சென்றும் 2006இல் வெற்றி கிட்டவில்லை.

இங்கிலாந்தில் நிலை வேறு. பிள்ளைக்குத் தகுந்த கல்வியைப் பாடசாலையிலோ வேறு வழியிலோ அளிப்பது பெற்றோரின் கடமை என்கிறது, அங்குள்ள 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். மச்சானுக்கு ஜேர்மன் பிரஜாவுரிமை இருந்தது. அக்காலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தவர் இங்கிலாந்தில் குடியேறத் தடையிருக்கவில்லை. லெஸ்டர் நகருக்குப் போகத் தீர்மானித்தார்கள்.

"எந்தப் பக்கம் வீடு எடுக்கலாம், நானா?" என்று கேட்டாள்.

"பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் எடுங்கள். மற்றதெல்லாம் தானாக அமையும்" என்றேன். மௌலவியல்லவா, பதில் தயாராகவே இருந்தது!

எட்டு மாதம் சென்றது. ஒருநாள் தொலைபேசியில் மருமகன் ஒரு சூறாவைத் தடங்கலின்றி ஓதிக் காட்டினான். கண் கலங்கினேன். பிறகு தங்கை பேசினாள்.

"புள்ளைகள் நல்லாப் படிக்கிறாங்க, நானா. எனக்குத்தான் பேச ஒரு ஆள் இல்ல. பள்ளிவாசல் உங்கட மச்சானுக்குத்தான் கிட்ட."

வாயடைத்துப் போனேன். மச்சானுக்கு இரவு வேலை, பகலில் தூக்கம். சுபஹ் முதல் இஷா வரை அவளே ஆசிரியை, அவளே சமையல், அவளே காவல். பிள்ளைகளைப் பற்றி எத்தனையோ கேட்ட நான், அவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த வருடம் வேறு வீட்டுக்கு மாறினார்கள். பள்ளிவாசல் சற்றுத் தூரம். ஆனால் நூலகமும் பூங்காவும் நடந்துபோகும் தூரம். வீட்டில் படிப்பிக்கும் இரண்டு குடும்பங்கள் அயலில். ஒரு தாய் கணிதம், ஒருவர் ஆங்கிலம், தங்கை குர்ஆனும் அறபும் என்று பங்கிட்டுக்கொண்டார்கள். வாரத்தில் ஒரு பிற்பகல் அவளுக்கு ஓய்வு கிடைத்தது. 2024இல் மருமகன் தனிப் பரீட்சார்த்தியாகப் பரீட்சை எழுதினான். கட்டணம் முழுவதும் பெற்றோர் கையிலிருந்துதான். இன்னும் திக்குகிறான், ஆனால் பேச அஞ்சுவதில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

நம் நாட்டிலும் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். ஆகவே எங்கிருந்தாலும் முதலில் சட்டத்தை விசாரியுங்கள். பரீட்சைக்கு வழியுண்டா, பிள்ளைக்குக் கூட்டாளிகள் உண்டா என்று பாருங்கள்.

சகோதரிகளே, கணவர் வீடு பார்க்கப் புறப்பட்டால் நீங்களும் கூடப் போங்கள். "இங்கே எனக்கு யார் துணை?" என்று கேட்கத் தயங்காதீர்கள். அது சுயநலமல்ல. படிப்பிக்கும் தாய் சோர்ந்தால், அந்த வீட்டுப் பாடசாலையே மூடிவிடும்.