கசிவா, வெடிப்பா?
மாதேஸ்வரன் மலையில் உள்ள என் வீட்டில் ஒரு நள்ளிரவு, மொட்டைமாடித் தொட்டியின் குழாய் வெடித்தது. விடிவதற்குள் கூரைப்பூச்சு உதிர்ந்து, அகராதிகள் ஊறிப்போயின. பார்க்க வந்த சர்வேயர் 'நாள்பட்ட கசிவு' என்று எழுதினார். இழப்பீடு மறுக்கப்பட்டது. மொழிபெயர்ப்பே பிழைப்பான எனக்கு ஒரு சொல்லின் விலை அன்று புரிந்தது. 2021 ஏப்ரலில் அறிமுகமான 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசி, குழாய் வெடித்து நேரும் சேதத்தை ஏற்கிறது, தேய்மானத்தை ஏற்பதில்லை. படங்களையும் பிளம்பரின் ரசீதையும் இணைத்து கம்பெனிக்கு எழுதினேன். ஒரு மாதமாகியும் பதில் இல்லை. பெங்களூர் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் புகார் கொடுத்திருக்கிறேன். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். ஆனால் ஓராண்டுக்குள் போய்விட வேண்டும். தீர்ப்பு இனிமேல்தான். பிளம்பர் தூக்கியெறியப் போன அந்த உடைந்த குழாய்தான் இப்போது என் சாட்சி.