முகமும் பெயரும்

ஓர் ஊரின் வரலாறு கல்வெட்டிலும் செப்பேட்டிலும் மட்டுமே உறைகிறது என்று எண்ணுவது பிழையாகும். கோட்டையும் கொத்தளமும் இல்லாத ஊருக்கும் வரலாறு உண்டு. அது பரண்மேல் கிடக்கும் தகரப் பெட்டிக்குள், பழைய செய்தித்தாளில் சுற்றப்பட்ட நிழற்படங்களாய் உறங்கிக் கிடக்கிறது. அத்தகைய பெட்டி ஒன்றை நான் திறந்த கதையையும், அதனால் நான் அடைந்த நாணத்தையும் இம்மலரின் வாயிலாக மாணவச் செல்வங்களுடனும் சமுதாயப் பெரியோர்களுடனும் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

என் அத்தா வஃபாத்தாகி நாற்பது நாள்கள் கழிந்தபின், வீட்டுப் பத்திரத்தைத் தேடி அவருடைய பெட்டியைத் திறந்தோம். பத்திரத்துக்கு அடியில் பதினொரு நிழற்படங்கள் இருந்தன. அவற்றுள் பெரியது, தடித்த அட்டையில் ஒட்டப்பெற்ற பள்ளிக் குழுப்படம். நடுவே நாற்காலிகளில் ஆசிரியர் ஐவர். அவர்கள் காலடியில் சம்மணமிட்டு ஒரு வரிசை. பின்னே நிற்போர் ஒரு வரிசை. அதற்கும் பின்னே பெஞ்சின்மேல் ஏறி நிற்போர் ஒரு வரிசை. மாணவர் முப்பத்தொருவர். அட்டையின் அடியில் பெயர்கள் அச்சிடப்பட்டிருந்த பகுதியைக் கரையான் தின்றுவிட்டது. 1964–65 என்ற ஆண்டு மட்டுமே எஞ்சியிருந்தது. முப்பத்தொரு முகங்களுள் நான் அறிந்தது ஒன்றே ஒன்று. இரண்டாம் வரிசையின் நடுவில் வெள்ளைச் சட்டையுடன் நிமிர்ந்து நிற்கும் என் அத்தாவின் முகம்.

அப்படத்தை நான் முதன்முறையாகக் காணவில்லை. எம்.ஃபில். பட்டத்திற்காகச் சீறாப்புராணம் குறித்து ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த நாள்களில், ஒரு மாலை அத்தா அதை என்னிடம் நீட்டி, "இவன் யார் தெரியுமா?" என்று ஒவ்வொரு முகமாய்ச் சுட்டத் தொடங்கினார். "அப்புறம் கேட்கிறேன் அத்தா, வேலை இருக்கிறது" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் படத்தை மீண்டும் தாளில் சுற்றினார். பதினேழாம் நூற்றாண்டுப் புலவரான உமறுப் புலவரின் ஆசிரியர் யார், அவரை ஆதரித்த வள்ளல் யார் என்று நூலகம் நூலகமாக அலைந்த எனக்கு, என் வீட்டுத் திண்ணையில் ஒருவர் தாமே முன்வந்து சொன்ன வரலாற்றைக் கேட்க நேரமில்லாமற் போயிற்று. அந்த 'அப்புறம்' வரவேயில்லை.

சட்டையின் கதை

பலரிடம் விசாரித்து, அத்தாவின் வகுப்புத் தோழர் ஒருவரைக் கண்டுபிடித்தேன். நாற்பது ஆண்டுகள் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக உழைத்து ஓய்ந்தவர். படத்தைக் கையில் வாங்கியதும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கடைசி வரிசையின் ஓரத்தில் முகம் மட்டும் தெரியும் ஒரு சிறுவனைத் தொட்டார்.

"இது நான்தான் கண்ணு."

"ஏன் மாமா, கழுத்துக்குக் கீழே தெரியாமல் மறைந்து நிற்கிறீர்கள்?"

அவர் சிரித்தார். "என்ற சட்டையத்தான் உங்க அத்தா போட்டிருக்கானே! அவனுக்கு இருந்தது ஒரே சட்டை. அன்னிக்குன்னு பார்த்து அது காயல. வகுப்பு லீடர், நடுவுல நிக்கோணும்னு வாத்தியார் சொல்லிப்போட்டாரு. நான் கழட்டிக் குடுத்துட்டு, வெறும் பனியனோட பெஞ்சு மேல ஏறி ஆளுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன்."

அந்த வெள்ளைச் சட்டையைக் காட்டி, அந்தக் காலத்திலேயே எங்கள் குடும்பம் எத்துணைச் செழிப்பாக இருந்தது என்று எங்கள் வீட்டில் பெருமை பேசுவதுண்டு. அத்தா அதை மறுத்ததும் இல்லை; ஆமோதித்ததும் இல்லை. ஒருவேளை அன்று மாலை என்னிடம் சொல்ல வந்தது இதுதானோ என்னவோ! அறுபது ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் கண்முன் இருந்த படம் எங்களிடம் பொய் சொல்லவில்லை. ஆனால் உண்மையையும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒரு மனிதர் தேவைப்பட்டார். கவுண்டர் வீட்டுப் பிள்ளையொருவர் தம் சட்டையைக் கழற்றி ராவுத்தர் வீட்டுப் பிள்ளைக்கு உடுத்திய செய்தி எந்த நூலிலும் ஏறவில்லை. என் ஊரின் வரலாற்றில் அதற்கு ஓர் இடம் உண்டென்றே நான் கருதுகிறேன்.

அவர் அன்று பத்தொன்பது பேருக்குப் பெயர் சொன்னார். அவர்களுள் எழுவர் பள்ளியிறுதிக்குப் பின் பனியன் கம்பெனிகளில் கைமடியாகச் சேர்ந்தவர்கள்; இருவர் பஞ்சு மண்டிக்குப் போனார்கள்; ஒருவர் இராணுவத்தில் சேர்ந்தார். பருத்திச் சந்தையாய் இருந்த ஊர் பின்னலாடை ஊராய் மாறிய வரலாறு, அந்த ஒரே அட்டையில் வரிசை வரிசையாய் நின்றுகொண்டிருந்தது. எஞ்சிய பன்னிருவரை அவருக்கும் நினைவில்லை.

படத்திற்கும் இஸ்னாத் வேண்டும்

நபிமொழியை ஏற்பதற்கு நம் முன்னோர் வகுத்த நெறி உலகம் வியப்பதாகும். கூற்று மட்டும் போதாது. அதை யார் யாரிடமிருந்து கேட்டார் என்னும் 'இஸ்னாத்' ஆகிய அறிவிப்பாளர் தொடரும் வேண்டும். தொடர் அறுந்தால் செய்தி வலுவிழக்கும். தமிழ் மரபும் இதற்கு அயலானதன்று. நடுகல் நாட்டும் முறையைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. வீழ்ந்த வீரனின் பெயரையும் அவன் செயலையும் கல்லில் பொறித்து வைத்தனர் நம் மக்கள். பெயரும் செயலும் பொறித்த கல் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னும் பேசுகிறது. முகம் மட்டும் கொண்ட நம் நிழற்படமோ ஒரே தலைமுறையில் ஊமையாகிவிடுகிறது.

ஒளிப்படக் கலை 1839இல் பாரிசில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் லின்னேயஸ் டிரைப் என்னும் படையதிகாரி மதுரையையும் தஞ்சையையும் படம்பிடித்து 1858இல் வெளியிட்டார். அரசின் கேமரா பெரிதும் கோயிலையும் கோபுரத்தையும் அரண்மனையையும் நாடிற்று. எளிய மக்களின் முகங்களைப் பதிந்தவை சிற்றூர்களின் ஸ்டுடியோக்களே. அந்த ஸ்டுடியோக்கள் இன்று ஒவ்வொன்றாய் மூடப்படுகின்றன. அவற்றின் நெகட்டிவ்கள் குப்பைக்குப் போகின்றன.

திருப்பூரை எண்ணிப் பாருங்கள். 1932 ஜனவரி 10ஆம் நாள் கொடியேந்திச் சென்று தடியடிபட்டு, மறுநாள் உயிர்நீத்த குமரனை நாடறியும். 2004இல் அவருக்கு அஞ்சல் தலையும் வெளியிடப்பட்டது. அன்று அவருடன் நடந்தவர்களின் முகங்களை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1925இல் குலாம் காதர் அவர்கள் 'பேபி நிட்டிங்' நிறுவனத்தைத் தொடங்கியதே இவ்வூர்ப் பனியன் தொழிலின் தொடக்கமாகக் கூறப்படுகிறது. அந்தக் கூடத்தில் நூலைக் கோத்த கைகள் யாருடையவை? 1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள்கள் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் குடும்பங்கள் எப்படி வாழ்ந்தன? விடைகள் அரசு ஆவணங்களில் மட்டும் இல்லை. சந்துகளிலும் லைன் வீடுகளிலும் உள்ள சுவர்ப் படங்களில் இருக்கின்றன. ஓட்டு வீடு இடிந்து மாடி வீடு எழும்போது முதலில் தெருவுக்கு வருபவை அப்படங்களே.

நன்னியின் படம்

நம் சமுதாயத்தில் இன்னொரு செய்தியையும் பேசியாக வேண்டும். உருவப்படம் குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. என் நன்னி படம் எடுத்துக்கொள்ள இசையாதவர். அவருடைய ஒரே படம், மும்பையிலிருந்து கப்பலில் ஹஜ்ஜுக்குச் செல்வதற்காக எடுக்கப்பெற்ற சிறு படம். முக்காட்டின் நடுவே தெரியும் அந்த முகத்தில் கூச்சமே மிகுந்திருக்கிறது. அப்படத்தை நான் சுவரில் மாட்டவில்லை. இம்மலரில் அச்சிடவும் தரவில்லை. அது அவருக்கு நான் செய்யும் மரியாதை. ஆனால் அவர் பெயரையும் பிறந்த ஊரையும் பயணம் சென்ற ஆண்டையும் ஓர் உறையின்மேல் எழுதி, படத்தை அதனுள் வைத்திருக்கிறேன். படமே எடுத்துக்கொள்ளாத பாட்டிமார் நம் வீடுகளில் எத்தனையோ பேர். அவர்களுடைய பெயரையேனும் எழுதிவைப்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

நாம் செய்யத்தக்கவை

தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர் வீடு வீடாகச் சென்று ஏடு தேடியதை நாம் வகுப்பறையில் பெருமையுடன் கற்பிக்கிறோம். நம் காலத்து ஏடுகள் நிழற்படங்கள். சென்னையில் 1994இல் நிறுவப்பெற்ற ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், ஒரு தனிமனிதர் திரட்டிய நூல்களின்மீது எழுந்தது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுநிலை ஆவணத் திட்டத்தின் துணையுடன் தமிழக ஸ்டுடியோக்களின் பழம்படங்களைத் தேடிப் பதிவுசெய்துள்ளது. ஈழத்தமிழர் 'நூலகம்' என்னும் பெயரில் தம் நூல்களையும் இதழ்களையும் கணினியில் ஏற்றிக் காத்து வருகின்றனர். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட மக்கள் அவர்கள். நமக்கு நெருப்பு வேண்டுவதில்லை. நம் அலட்சியமே போதும்.

பெரும் பொருட்செலவும் தேவையில்லை. பழைய படத்தை லேமினேஷன் செய்யாதீர்கள். பசை ஆல்பத்தில் ஒட்டாதீர்கள். சட்டகக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்த்தெடுக்க முயலாமல் அப்படியே கைப்பேசியில் பதியுங்கள். நேர்வெயில் படாத பகல் வெளிச்சமே போதும், ஃபிளாஷ் வேண்டா. பின்புறம் எழுத மென்மையான பென்சிலே ஏற்றது. பால்பாயிண்ட் பேனாவின் மை மறுபக்கம் ஊறும், அழுத்தம் முகத்தில் தழும்பாகும். பென்சில் ஏறாத வழவழப்பான வண்ணப் படமாயின் உறையின்மேல் எழுதுங்கள். 1980களின் வண்ணப் படங்கள் கறுப்பு வெள்ளைப் படங்களைவிட விரைவில் வெளிறும். எனவே அவற்றை முதலில் கவனியுங்கள். எழுத வேண்டியவை நான்கு: படத்தில் யார், எந்த இடம், எந்த ஆண்டு, இவற்றை யார் சொல்லக் கேட்டோம். நான்காவதை மறவாதீர்கள். அதுவே படத்தின் இஸ்னாத்.

மாணவச் செல்வங்களே, இந்த விடுமுறையில் வீட்டிலுள்ள மூத்தவர் அருகில் ஒரு மாலைப்பொழுது அமருங்கள். கையில் ஒரு படமும் பென்சிலும் இருக்கட்டும். அவர் ஒரு முகத்தைச் சுட்டிப் பேசத் தொடங்கினால், 'அப்புறம்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அத்தாவின் குழுப்படத்திற்குப் பின்னே ஒன்று முதல் முப்பத்தொன்று வரை எண்ணிட்டிருக்கிறேன். இருபது எண்களுக்கு எதிரே பத்தொன்பது தோழர்களின் பெயர்களும் அத்தாவின் பெயரும் உள்ளன. பதினோர் எண்களுக்கு எதிரே வெற்றிடம் உள்ளது. பன்னிரண்டாம் வெற்றிடம் சென்ற மாதம் நிரம்பியது. கட்டிங் மாஸ்டர் மாமா இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் அழைத்து, நினைவுக்கு வந்த ஒரு பெயரைச் சொன்னார். படத்தின் நகல் எம் தமிழ்த்துறை அறையில் வைக்கப்பட்டுள்ளது. அக்காலத்தில் திருப்பூரில் பயின்ற பெரியோர்கள் எவரேனும் இவ்வழி வந்தால், அருள்கூர்ந்து ஒருமுறை உற்று நோக்குமாறு வேண்டுகிறேன். பென்சிலும் அருகிலேயே இருக்கிறது.