ஒரு கூண்டா, இரு கூண்டா?

கூடி வாழ்வதே உயிர்களின் இயல்பு என்னும் எண்ணம் கடற்கரையில் பிறந்தவர்களுக்கு எளிதாக அமைந்துவிடுகிறது. கரைவலை இழுக்கப் பல கைகள் வேண்டும். வள்ளத்தைக் கரையேற்றப் பல தோள்கள் வேண்டும். கடற்கரையை விட்டுச் சற்று உள்ளே சென்றால், நண்பகல் வெயிலில் செம்மறி ஆடுகள் ஒன்றன் நிழலில் ஒன்று தலையை நுழைத்து நிற்பதைக் காணலாம். ஆகவே தனியாக நிற்கும் ஓர் உயிரைக் கண்டதும் நம் மனம் இரங்குகிறது. உடனே அதற்கொரு துணையைத் தேடுகிறது. அந்த இரக்கம் எப்போதும் அவ்வுயிருக்கு நன்மையாகுமா? இந்த வினாவை என் வீட்டிற்குள் கொண்டுவந்தவை உள்ளங்கைக்குள் அடங்கும் இரண்டு சிற்றுயிர்கள்.

மண்டபத்தில் எங்களோடு தங்கிப் படிக்கும் என் பேத்திக்கு அப்போது 11 வயது. அவளுடைய பெற்றோர் இருவரும் வளைகுடா நாடொன்றில் பணிபுரிந்துவந்தனர். அவளது பிறந்த நாளுக்கென்று என் மகன் மதுரையிலிருந்து இரண்டு குட்டை ஹாம்ஸ்டர்களை வாங்கிவந்தான். இரண்டும் ஜோடி என்றும், ஒரே கூண்டில் விடலாம் என்றும் கடையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பார்க்க வந்தவர்களுள் ஒருவர் அவற்றை வெள்ளெலி என்றார். மற்றொருவர் சீமை எலி என்றார். வெள்ளெலி நம் புன்செய் நிலங்களில் வளை தோண்டி வாழும் வேறோர் உயிர். ஹாம்ஸ்டரின் குடும்பத்தைச் சேர்ந்ததன்று.

முதல் இரவிலேயே கூண்டிலிருந்து கிரீச்சென்ற ஒலி எழுந்தது. சிறியது மூலையில் ஒடுங்கிக் கிடக்க, பெரியது அதன்மேல் பாய்ந்துகொண்டிருந்தது. என் மனைவி சிறியதை ஒரு தேங்காய்ச் சிரட்டையில் ஏந்தி, காற்றுத் துளைகள் இட்ட வேறொரு பெட்டிக்கு மாற்றினாள். மறுநாள் இராமநாதபுரத்தில் எங்களுக்குப் பழக்கமான கால்நடை மருத்துவரிடம் இரண்டையும் கொண்டுசென்றோம். அவர் பார்த்த மாத்திரத்தில், “ஐயா, இது ஜோடியும் இல்லை, ஒரே இனமும் இல்லை” என்றார்.

அடையாளம் காணும் முறையை அவர் பொறுமையுடன் விளக்கினார். வளர்ப்பில் பரவலாக உள்ள குட்டை ஹாம்ஸ்டர்கள் மூன்று. சாம்பல் கலந்த பழுப்பு உடலும், முதுகின் நடுவே மெல்லிய கருங்கோடும் கொண்டது கேம்பல் ஹாம்ஸ்டர். அகன்ற கோடும், உச்சந்தலையில் கருமையும், முட்டை போன்று உருண்ட உடலும் கொண்டது சைபீரிய ஹாம்ஸ்டர். பகற்பொழுது குறுகும் குளிர்காலத்தில் அதன் மயிர் வெளுத்துவிடும். முதுகில் கோடே இல்லாமல், கண்களுக்குமேல் வெண்புருவம் தீட்டியது போலிருப்பது ரோபரோவ்ஸ்கி. மூன்றிலும் அதுவே சிறியது, 5 செ.மீ. அளவினது, கையில் நில்லாமல் ஓடுவது. எங்கள் வீட்டிற்கு வந்தவற்றுள் பெரியது கேம்பல் இனத்துப் பெண். சிறியது ரோபரோவ்ஸ்கி ஆண். வெவ்வேறு இனங்களை ஒரே கூண்டில் அடைத்தால் சிறியது பெரும்பாலும் காயப்படும் என்றார் மருத்துவர்.

பாலறிவதும் கடினமன்று. கழிவுத் துளைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையிலுள்ள தொலைவு ஆணுக்கு அதிகம். பெண்ணுக்கு அவை அருகருகே அமைந்திருக்கும். இதனை அறியாமல் ஆணையும் பெண்ணையும் சேர்த்து வைப்போர் விரைவில் திகைப்படைவர். கேம்பல் இனத்தின் கருக்காலம் 18 முதல் 20 நாள்களே. ஈன்ற அன்றே தாய் மீண்டும் கருவுறக்கூடும்.

இவ்வுயிர்களின் தாயகத்தை அறிந்தபோது எனக்கு வியப்பு மேலிட்டது. சைபீரிய ஹாம்ஸ்டரை 1773-இல் பல்லாஸ் என்ற இயற்கை அறிஞர் பதிவு செய்தார். ரோபரோவ்ஸ்கி 1903-இலும், கேம்பல் 1905-இலும் அறிவியல் பெயர் பெற்றன. மங்கோலியா, வடசீனம், சைபீரியா, கசகஸ்தான் ஆகிய பகுதிகளின் குளிர்ந்த புல்வெளிகளும் பாலைகளுமே அவற்றின் வீடு. நீண்ட காலம் கேம்பலும் சைபீரியமும் ஒரே இனத்தின் இரு கிளைகள் என்று கருதப்பட்டன. ஆயினும் அவற்றின் இல்வாழ்க்கையே வேறு. கேம்பல் இனத்தில் ஆண், பேறுகாலத்தில் குட்டியை வெளியே எடுக்கவும், அதன் மூக்கைத் துடைத்து மூச்சுவிடச் செய்யவும் துணைநிற்கிறது என்று கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வின்-எட்வர்ட்ஸ் என்பவரும் அவருடன் பணியாற்றியவரும் 2000-இல் எழுதினர். சைபீரிய ஆணிடம் அந்த வழக்கம் இல்லை. இன்னொரு புறம், உருவில் பெரிய சிரிய ஹாம்ஸ்டரோ முற்றிலும் தனிமை விரும்பி. 1930-இல் அலெப்போ அருகே அகரோனி என்ற விலங்கியலாளர் ஒரு தாயையும் 11 குட்டிகளையும் வளையிலிருந்து தோண்டி எடுத்தபோது, கலவரமடைந்த தாய் தன் குட்டிகளுள் ஒன்றைக் கொன்றுவிட்டதாம். ஒரே பெயரால் அழைக்கப்படும் உயிர்களுக்குள் எத்தனை வேறுபாடு!

இவையனைத்தும் கேட்ட பின்னரும் பேத்தியின் மனம் அமைதியுறவில்லை. இரண்டு பெட்டிகளையும் பார்த்தபடி ஒருநாள் மாலை, “அதுவும் என்னய மாதிரி தனியாவே இருக்கணுமா தாத்தா?” என்று கேட்டாள். எனக்கு மறுமொழி கிட்டவில்லை.

சில வாரங்களில் பரமக்குடியில் ஒரு வீட்டில் ஈன்ற கேம்பல் குட்டிகளுள் ஒரு பெண் குட்டி கிடைத்தது. ஒரே இனம், ஒரே பால், ஏறத்தாழ ஒத்த வயது. உடன்பிறந்தவை என்றால் இன்னும் நல்லது. ஆயினும் முயன்று பார்க்கலாம் என்றார் மருத்துவர். அவர் வகுத்த ஒழுங்கை நாங்கள் பிசகாமல் பின்பற்றினோம். முதல் 14 நாள்கள் புதியதை வேறோர் அறையில் வைத்து நோயில்லை என உறுதி செய்தோம். பிறகு இரு பெட்டிகளையும் அருகருகே வைத்து, ஒன்றின் படுக்கைத் தாளை மற்றதற்கு மாற்றினோம். அவை கண்ணால் அறிவதைவிட மணத்தால் அறிவதே மிகுதி. அடுத்த ஒரு வாரம், பெரிய பெட்டியொன்றின் நடுவே கம்பி வலைத் தடுப்பு. அதன்பின் இரண்டுமே கால் பதித்திராத ஓர் அகன்ற தொட்டியில் நாள்தோறும் சில மணித்துளிகள் சந்திக்க விட்டோம். மோப்பம் பிடிப்பதும் சிறிது துரத்துவதும் இயல்பு. இரத்தம் கண்டால் மட்டும் சமரசம் வேண்டாம், உடனே பிரித்துவிடுங்கள், வெறுங்கையை நடுவே நீட்டாதீர்கள் என்பது மருத்துவரின் கட்டளை.

இறுதியில் கழுவிப் புதிதாக அடுக்கிய பெட்டியில் இரண்டையும் விட்டோம். ஓடும் சக்கரம் இரண்டு, நீர்க்குப்பி இரண்டு, இரு வாயில் கொண்ட ஒளிவிடம் இரண்டு. எதற்காகவும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கத் தேவையில்லாத ஏற்பாடு. குதிரைவாலியும் கம்பும் கலந்த தீனியை ஓரிடத்தில் குவிக்காமல் எங்கும் தூவினோம். குளியலுக்குக் கடற்கரை மணல் கூடாது. அதில் உப்பும் கிளிஞ்சல் துகளும் உண்டு. ஆற்று மணலையே சலித்து, கழுவி, உலர்த்தி வைத்தோம். வெயில் ஏறும் நாள்களுக்கெனக் கவிழ்த்த மண்சட்டி ஒன்று. 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில் இதமாக வாழும் உயிர்களை நம் சீமையின் கோடையில் வைத்திருப்பது எளிய பொறுப்பன்று.

ஐந்து மாதங்கள் அவை ஒரே தாள் கூட்டில் ஒன்றையொன்று அணைத்து உறங்கின. பேத்தியின் முகத்தில் நாங்கள் அதுவரை காணாத மலர்ச்சி. பங்குனி மாதத்து வைகறை ஒன்றில் மீண்டும் அந்தக் கிரீச்சொலி. புதியதன் காது கிழிந்து இரத்தம் கசிந்தது. ஒழுங்கில் குறையில்லை, இனத்திலும் பாலிலும் ஐயமில்லை. வளர்ந்து முதிர்ந்தபின் சில இணைகள் இவ்வாறு முறிந்துவிடும் என்றும், மீண்டும் சேர்க்க முயல்வது உயிருக்கே ஊறாகலாம் என்றும் மருத்துவர் கூறினார். அன்றே மூன்றாவது பெட்டி வந்தது.

பேத்தி இரண்டு நாள்கள் அழுதாள். பின்னர் தன் கணக்குப் புத்தகத்தின் கடைசித் தாளில் நாள்தோறும் குறிப்பெழுதத் தொடங்கினாள். காயம் ஆறியது. காயம்பட்டது அச்சமின்றிச் சக்கரம் சுழற்றியது. எடையும் 34 கிராமிலிருந்து 38-க்கு உயர்ந்தது. முதலிலிருந்தே தனித்திருந்த ரோபரோவ்ஸ்கியோ எந்தக் குறையுமின்றி இரவெல்லாம் மணலில் புரண்டு களித்தது. நாம் அவற்றின்மேல் ஏற்றிய ஏக்கம் அவற்றினுடையதன்று என்பதை அந்தத் தாள் அவளுக்குக் காட்டியது.

ஒரு ஞாயிறு மாலை, தொலைபேசியில் தாயிடம் அவள் பேசியது என் காதில் விழுந்தது. “அது தனியா இருக்கவே பிறந்ததும்மா. அதுக்கு ஒண்ணும் இல்ல. நான் அப்படி இல்லம்மா.” மறுமுனையில் என் மகள் நெடுநேரம் பேசவில்லை.

அன்பு வாசகர்களே, செல்ல உயிர்களை வாங்க எண்ணுவோர் இனமும் பாலும் அறிந்து வாங்குங்கள். 2018-இல் நடுவண் அரசு வகுத்த விதிகளின்படி விலங்குகளை விற்கும் கடைகள் பதிவு பெற்றிருக்க வேண்டும்; அதனைக் கேட்டறிவது நம் உரிமை. சேர்த்து வைக்கும் முன்னரே பிரித்து வைப்பதற்கான இரண்டாவது பெட்டியை ஆயத்தம் செய்யுங்கள். அந்த இடமும் செலவும் இயலாதெனில் ஒன்றை மட்டும் வளர்ப்பதே அறம். யாருக்குத் துணை வேண்டும், யாருக்குத் தனியிடம் வேண்டும் என்பதை நம் இரக்கம் முடிவு செய்யலாகாது. அவரவர் வாழும் முறையைக் கூர்ந்து நோக்கியே அறிய வேண்டும்.

அவ்வாண்டு பள்ளி திறப்பதற்குமுன் என் மகள் வேலையை விட்டு ஊருக்கு வந்துவிட்டாள். வருமானம் குறைந்தது, மருமகன் மட்டும் அங்கே தொடர்கிறார். தாயும் மகளும் இப்போது ஒரே பாயில் உறங்குகிறார்கள். அவர்களுக்கு அப்பால், சன்னலோரத்து மேசையில், மூன்று பெட்டிகளிலும் சக்கரங்கள் தனித்தனியே சுழல்கின்றன.